பந்தல் போடாத வீட்டில் துக்கம் இல்லையா?

கேள்வி: அரபு நாடுகளில் குடும்பப் பகையில் மகன் கொலையானால், பழிவாங்கும் வரை பெற்றோர் யாரையும் துக்கம் விசாரிக்கக்கூட விடமாட்டார்களாமே? அப்புறம் அதே ஆட்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எதிரியோடு கைகுலுக்கவும் செய்கிறார்கள். பெற்ற பாசம் என்பதே அவர்களுக்குக் கிடையாதா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவு தவறு, அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தலையிலேயே போய் விழுகிற தவறு, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

முதலில், இது அரபு நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம் இல்லை. இதற்குப் பேர் போனது எகிப்தின் தென்பகுதி, நைல் கரையில் சோஹாக், கெனா, அசியூத் பக்கத்துக் கிராமங்கள். அங்கே சாதாரணமாக ஒரு சாவு விழுந்தால் தெருவில் பெரிய பந்தல் போடுவார்கள், குர்ஆன் ஓதுவார்கள், வருகிறவர்களுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுப்பார்கள். பகையில் வெட்டுப்பட்டோ சுடப்பட்டோ செத்தவன் வீட்டில் மட்டும் பழி தீரும் வரை அந்தப் பந்தல் கிடையாது. வருஷக்கணக்கில்கூட அப்படியே இருக்கும். இதை முடிவு செய்வது யார்? பெற்றவள் இல்லை. குடும்பத்துப் பெரிய தலைகள், பங்காளிகள், ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். நாலு பேர் வந்து கட்டிப் பிடித்து அழுதால்தான் கொஞ்சமாவது பாரம் இறங்கும் என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான், அந்த நாலு பேரையும் அவளிடம் வரவிடாமல் செய்துவிட்டு, பாவம், அவள் அழவே இல்லை என்று நாம் இங்கே உட்கார்ந்து பேசுகிறோம்.

இளைய மகனிடம் அண்ணன் கணக்கைத் தீர்க்கச் சொல்லி வளர்க்கும் தாய்மார்களும் அங்கே இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. அவர்கள் செய்வது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பழி வாங்காத வீடு என்று ஊரே ஏளனமாகப் பார்க்கிற இடத்தில், அந்த வீட்டுப் பெண்ணிடம் மட்டும் நிதானத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இந்தப் பகையில் கொன்றவனைத்தான் திருப்பிக் கொல்ல வேண்டும் என்றும் இல்லை. எதிர்க் குடும்பத்தில் நன்றாகப் படித்தவன், பேர் சொல்லும்படி வளர்ந்தவன் எவனோ அவனைப் பார்த்து அடிப்பதும் உண்டு. 2002 ஆகஸ்டில் சோஹாக் மாகாணத்து பைத் அல்லாம் கிராமத்தில், கோர்ட்டுக்குக் கிளம்பிப் போன ஒரே குடும்பத்து ஆண்கள் 22 பேரை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்த 22 பேரும் குற்றவாளிகளா? ஒரு பழைய கொலைக்குக் கணக்கு நேர் செய்தார்கள், அவ்வளவுதான்.

பிள்ளை ஒரு கணக்காகிப் போவதுதான் பெற்றவர்களை அறுக்கிறது. இது இன்று நேற்றுக் கதை இல்லை. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில், ஒரு ஒட்டகத்தில் ஆரம்பித்து 40 வருஷம் நடந்ததாகச் சொல்லப்படும் பசூஸ் போர். அதில் ஹாரிஸ் இப்னு உபாத் என்கிற தலைவர் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியே இருந்தார். அவருடைய மகன் புஜைரைக் கொன்றுவிட்டார்கள். செய்தி வந்தபோது அந்தத் தகப்பன், என் மகன் சாவால் இரண்டு குலமும் சமாதானமானால் அவனைப் போல நல்ல சாவு செத்தவன் இல்லை என்றாராம். பிறகுதான் விஷயம் தெரிந்தது: கொன்றவன் எதிர்க் குலத்து முஹல்ஹில், எந்தக் கொலையால் போரே மூண்டதோ அந்தக் குலைபின் தம்பி. இவன் உயிர் என் அண்ணன் குலைபின் செருப்பு வாருக்குச் சமம் என்று சொல்லித்தான் கொன்றிருக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் ஹாரிஸ் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். மகன் செத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டவரால், அவனை ஒரு பொருட்டே இல்லை என்று பேசியதைத் தாங்க முடியவில்லை.

இஸ்லாம் பழிவாங்கச் சொல்கிறது என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். கி.பி. 632-ல் நபிகள் நாயகம் தம் கடைசி ஹஜ்ஜில் ஆற்றிய பேருரையில், இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலத்து ரத்தப் பழிகள் எல்லாவற்றையும் ரத்து செய்தார். முதலில் ரத்து செய்தது தம் சொந்தக் குடும்பத்துப் பழியை, பெரிய தந்தை வழிச் சகோதரர் ரபீஆவின் மகனுக்காக வர வேண்டிய பழியை. பால் குடிக்க வேறு குலத்தாரிடம் விட்டிருந்த அந்தக் குழந்தையை ஹுதைல் குலத்தார் கொன்றிருந்தார்கள்.

சரி, பணம். ஜோர்தானிலும் பாலஸ்தீனப் பகுதிகளிலும் சுல்ஹா என்கிற சமரச முறை இருக்கிறது. கொலை நடந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகக் கொலையுண்டவன் வீட்டுக்குப் போவார்கள். முன்னால் வைக்கும் காப்பியைக் குடிக்க மாட்டார்கள், கேட்டதைத் தருகிறோம் என்று வீட்டார் வாக்குக் கொடுத்த பிறகுதான் கோப்பையில் கை வைப்பார்கள். நஷ்டஈட்டுத் தொகை பேசி முடிக்கும்போது, அல்லாஹ்வுக்காக இவ்வளவு, நபிக்காக இவ்வளவு, வந்திருக்கும் பெரியவர்களுக்காக இவ்வளவு என்று வீட்டார் தாங்களாகவே குறைத்துக்கொண்டே வருவதும் உண்டு. முழுவதையும் வேண்டாம் என்றுவிட்டவர்களும் உண்டு. தென் எகிப்தில் கொன்றவனோ அவன் வீட்டு ஆளோ தனக்கே ஆன கஃபன் துணியை, அதாவது பிணத்துக்குச் சுற்றும் துணியை, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஊரே கூடியிருக்க, செத்தவன் குடும்பத்தார் முன்னால் நடந்து வர வேண்டும். இதைப் போய் மகனை விற்றுவிட்டார்கள் என்று பேசாதீர்கள். அடுத்த மகனையாவது காப்பாற்றிக்கொள்ள அவர்கள் எடுக்கும் முயற்சி இது. எனக்கு இதில் ஒரே மனத்தாங்கல், இந்தக் கூட்டத்திலும் பேசுவது ஆண்கள்தான், பெற்றவளுக்கு அங்கே இடம் இல்லை.

இஸ்ரேலில் வாழும் அரபுக் குடிமக்கள் நிலைமை இன்னும் மோசம். அங்கே நடக்கும் கொலைகளில் பெரும்பகுதி கிரிமினல் கும்பல்களின் வேலை, குடும்பப் பகை ஒரு பகுதிதான். ஆனால் குடும்பச் சண்டை என்று எழுதிவிட்டால் போலீஸுக்கு வேலை மிச்சம், வெளியில் இருக்கிறவர்களுக்கும் அவர்கள் கலாசாரமே அப்படி என்று சொல்ல வசதி. நீங்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். மகனைக் கொன்றவன் இவன்தான் என்று தெரிந்தும், அவன் அதே ஊரில் காரில் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டிய வீடுகள் அங்கே எத்தனையோ. 2020 ஆகஸ்டில், பிள்ளைகளைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் ஹைஃபாவில் கிளம்பி, ஆகஸ்ட் வெயிலில் நடந்தே ஜெருசலேம் போனார்கள். அவர்கள் பழிக்குப் பழி கேட்கவில்லை, ஊருக்குள் புழங்கும் கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யுங்கள், கொன்றவர்களைப் பிடியுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2023-ல் அந்தச் சமூகத்தில் கொலையானவர்கள் 240-க்கும் மேல், அதற்கு முந்தைய வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. பெரும்பாலான வழக்குகளில் இன்னும் யார் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.