வால்பேப்பர் மேலேயே பட்டி பார்க்கலாமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய தோட்டத்து வீடு எங்களுடையது. ஹால் 2011இல் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கும் அறை என் மாமனாரின் அப்பா காலத்தது. 2017இல் ஹாலில் ஒரு சுவருக்கும் அந்த அறையில் ஒரு சுவருக்கும் வால்பேப்பர் ஒட்டினோம், மொத்தம் 6 ரோல். இப்போது ஓரமெல்லாம் எழும்பிவிட்டது. பழைய அறையில் கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வேறு. தை கடைசியில் மகனுக்குக் கல்யாணம். பெயிண்டிங் காண்ட்ராக்டர், “பேப்பரை உரிச்சா செவுரே கூட வந்துருமுங்க்கா, அதும்மேலயே பட்டி பாத்து அடிச்சுப்போடலாம்” என்கிறார். இந்த இரண்டு சுவருக்கு மட்டும் 600 சதுர அடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: பார்க்கக் கூடாது. பட்டி என்பது வெள்ளை சிமெண்ட் கலந்த மாவு. அது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பேப்பர் மேல் பூசினால் பேப்பரைத்தான் பிடிக்கும். அந்தப் பேப்பரைப் பிடித்திருப்பதோ ஓரம் விட்டுப்போன பழைய பசை. பட்டியில் இருக்கும் தண்ணீரே அந்தப் பசையை இளக்கிவிடும். காங்கேயத்தில் இப்படிச் செய்த ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சுவரை விரலால் தட்டினால் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். ஜன்னல் ஓரத்தில் பிளேடை நுழைத்ததும் பெயிண்ட், பட்டி, பேப்பர் மூன்றும் முறுகல் தோசை மாதிரி ஒன்றாகப் பெயர்ந்து கையில் வந்தன. ஒடிந்த இடத்தில் பட்டிக்கு அடியில் ரோஜாப்பூ டிசைன் நிறம்கூட மங்காமல் இருந்தது.

“உரித்தால் சுவரே வந்துவிடும்” என்பதில் பாதி உண்மை உண்டு. காய்ந்த பேப்பரைச் சுரண்டினால் வரும், ஊறவைத்து எடுத்தால் வராது. ஊறுகிற நேரத்துக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி கிடையாது, அதனால் அவருக்கு அந்த வழி பிடிக்காது. ஆகவே பேப்பர் எடுக்கிற வேலையை வீட்டு ஆட்களை வைத்து நீங்களே முடித்துவிடுங்கள். வெறும் சுவரைப் பார்த்த பிறகு காண்ட்ராக்டரிடம் பேசுங்கள். பேப்பர் மூடியிருக்கும் வரை அவர் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சில் நிறுத்துங்கள். சுவிட்ச் போர்டை மட்டும் அணைத்தால் போதாது, தண்ணீர் போர்டுக்குள் இறங்கும். தரையில் பழைய வேட்டி, சாக்கு எதையாவது விரியுங்கள். எழும்பி நிற்கும் ஒரு மூலையைப் பிடித்து, சுவரை ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தோல் மட்டும் உரிந்து வரும், வெள்ளைக் காகிதம் சுவரிலேயே தங்கிவிடும். தங்கட்டும், அதுதான் நல்லது. பிளாஸ்டிக் தோல் இருக்கும்போது தண்ணீர் உள்ளே இறங்காது.

இப்போது ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன் விடுங்கள். செடிக்கு மருந்து அடிக்கிற சின்ன ஸ்பிரேயரை நன்றாகக் கழுவிவிட்டு அதில் ஊற்றி, மேலிருந்து கீழாக அடியுங்கள். கால் மணி நேரம் விட்டு மறுபடி அடியுங்கள். காகிதம் நிறம் மாறி, நனைந்த அப்பளம் மாதிரி ஆகும். அப்புறம் அகலமான பட்டி பிளேடைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வந்துவிடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்துக் குத்தினால் சுவரில் பள்ளம் விழும். வராத இடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னொரு முறை தண்ணீரைக் காட்டுங்கள்.

காகிதம் போனதும் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பசை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் மெல்லிய வெடிப்பு விடும், பட்டை பட்டையாக உரியும். ஈரம் பட்டால் பூஞ்சைக்கும் அந்தப் பசைதான் சாப்பாடு. ஸ்பாஞ்சால் இரண்டு தடவை, தண்ணீரை மாற்றி மாற்றித் துடையுங்கள். பிறகு புண்ணுக்குப் போடும் பீட்டாடின் மருந்து இருக்கிறதே, அதில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, சுவரில் நாலைந்து இடத்தில் பஞ்சால் தொட்டு வையுங்கள். பழுப்பாகவே இருந்தால் சரி. கருநீலமாக மாறினால் மாவுப்பசை மிச்சம் இருக்கிறது, மறுபடி துடையுங்கள். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுப் பார்த்தோமே, அதே சோதனைதான்.

இனி காயவைப்பது. இந்தத் தொழிலில் நான் பார்த்த கெட்டுப்போன சுவர்களில் பெரும்பாலானவை காயவிடாததால் கெட்டவை. முகூர்த்தம் நெருங்குகிறது என்று வீட்டுக்காரர் துரத்துவார், அடுத்த சைட் காத்திருக்கிறது என்று காண்ட்ராக்டர் துரத்துவார். சுவர் யாருக்காகவும் அவசரப்படாது. இப்போது ஐப்பசி, மழை நாள். இந்த வாரமே பேப்பரை எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு, கார்த்திகை தீபம் வரை சுவரைச் சும்மா விடுங்கள். காய்ந்ததா என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியாது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் கவரை வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கவரின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஹால் சுவருக்கு மற்றதெல்லாம் சாதாரண வேலைதான். பிளேடு பட்ட பள்ளங்களை மட்டும் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். சுவர் முழுக்கப் பட்டி தேவையில்லை. “ஃபுல் பட்டி பாத்தாத்தானுங்க கண்ணாடியாட்ட இருக்கும்” என்பார்கள். கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ளலாம், சுவரில் எதற்கு? கலந்த பட்டியை மூன்று மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிப்போனதில் தண்ணீர் விட்டுக் கிளறிப் பூசுகிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். அப்படிப் பூசியது தேய்க்கும்போதே மாவாகக் கொட்டும்.

அந்த 600 சதுர அடிக்கு வருகிறேன். கடையில் விற்கும் வழக்கமான வால்பேப்பர் ரோல் சுமார் 21 அங்குல அகலம், 33 அடி நீளம், அதாவது 57 சதுர அடி. 6 ரோலுக்கு 342 ஆகிறது. அதிலும் டிசைனைப் பொருத்தும்போது வெட்டி எறிந்தது போகத்தான் சுவரில் ஏறியிருக்கும். 342 சதுர அடிப் பேப்பரை ஒட்டிய சுவர் எப்படி 600 சதுர அடி ஆனது? பழைய ரோல் பில் இருந்தால் அவர் முன்னால் எடுத்து வையுங்கள், சண்டையே போட வேண்டாம். கதவு ஜன்னலைக் கழித்த அளவா, கழிக்காத அளவா என்பதையும் ரேட் பேசுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

பெயிண்டை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். எந்தக் கம்பெனி என்று பெயிண்டர் அடம்பிடித்தால் அது தரத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயிண்டருக்குக் காசு கிடைக்கிற டோக்கனைக் கம்பெனிகளே வாளிக்குள் போட்டுக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். வாளியைத் திறந்ததும் தூரிகையைத் தேடாமல் டோக்கனைத் தேடுகிற கைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது அதுவே கியூஆர் கோடாக மாறி, மூடியைச் சுரண்டி போனில் ஸ்கேன் செய்கிறார்கள். பெயிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாள் கூலியில் அவருக்கு அது ஒரு உபரி. ஆனால் அந்தக் காசு உங்கள் பில்லில்தான் இருக்கிறது. அது போகட்டும். ஐடிஐயில் பெயிண்டர் என்று தனிப் படிப்பே இருக்கிறது. அதைப் படித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் பார்க்கலாம்! வயரிங் வேலைக்காவது லைசென்ஸ் என்று ஒன்றைக் கேட்கிறோம், சுவரை மட்டும் யார் கையில் தூரிகை இருக்கிறதோ அவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். வாரண்டி கார்டும் அப்படித்தான். ஏழு வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், சுவரில் ஓதம் இருந்தால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

பேப்பர் எடுக்கிற முறை இரண்டு சுவருக்கும் ஒன்றுதான். ஆனால் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று சொன்னதெல்லாம் ஹாலுக்கு. பழைய அறைக்கு அதைச் செய்துவிடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்து வீடுகளில் அநியாயமாகக் கெட்டுப்போவது இந்தப் பழைய சுவர்கள்தான்.

உங்கள் மாமனாரின் அப்பா காலத்து அறை என்றால் அநேகமாகச் சுண்ணாம்புக் காரை பூசிய சுவராக இருக்கும். பேப்பரை எடுத்ததும் ஒரு மூலையில் சாவியால் கீறுங்கள். சாம்பல் நிறத்தில் சாவி வழுக்கினால் சிமெண்ட். வெண்மையாக, மாவாக உதிர்ந்தால் காரை. எலுமிச்சம்பழம் பிழிந்து நுரை வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். பழைய சிமெண்டுப் பூச்சும் நுரைக்கும்.

அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் வயலும் தோட்டமும் ஊறியிருக்கும். அந்த ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரில் ஏறும். காரைச் சுவர் அதை அறைக்குள்ளே மெல்ல ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை தலைமுறை அது நின்றது அப்படித்தான். நீங்கள் அதன் மேல் பிளாஸ்டிக் பேப்பரை ஒட்டினீர்கள், வெளியேற வழியில்லாத ஈரம் கறுப்புப் புள்ளியாக எட்டிப் பார்த்தது. பேப்பரை எடுத்துவிட்டுப் பட்டியும் எமல்ஷனும் போட்டாலும் அதே கதைதான். ஈரம் இன்னும் மேலே ஏறும், அதோடு வந்த உப்பு பட்டிக்குப் பின்னால் பூத்து அதை வெளியே தள்ளும். சில காண்ட்ராக்டர்கள் காரையை முழுக்கக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சிமெண்டில் ஒட்டுப் போட்டாலும் ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள காரை விழும்.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. பேப்பர் எடுக்கும்போது பழைய வெள்ளையும் கூடவே வரும், அது சேதமில்லை. பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பரவும். பிளீச்சிங் வேண்டாம். யாராவது பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டைக் கலந்து அடிக்கச் சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள், அதில் வருவது விஷப்புகை. உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் அடையுங்கள். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக மூன்று கோட் அடியுங்கள். அடிக்கும்போது தண்ணீராகத் தெரியும், இரண்டாம் நாள் வெளுக்கும். ஏமாந்து கெட்டியாக அடித்தால் உதிரும். சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்றுவதானால் பழகிய ஆளை வைத்து இரும்புப் பாத்திரத்தில் செய்யுங்கள். அது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கல்யாண வீட்டில் சுண்ணாம்பா என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், பொங்கலுக்கு அடித்தது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சுவரோடு சுவராகப் பழைய அறையின் கதவையும் ஜன்னலையும் தேய்த்துவிடலாம் என்று ஆட்கள் மெஷினை எடுப்பார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கதவில் ஏறிவிட்ட எனாமலை என்ன செய்வது என்று டப்பாவிலும் இல்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசி குழந்தைகள் வயிற்றுக்குள் போகும். நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் போட்டு, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாமல் செய்யுங்கள்.

பொங்கல் நெருங்கிவிட்டால் கோபிப் பக்கம் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மார்கழி முதல் வாரத்துக்கு இப்போதே நாள் சொல்லி, முன்பணம் குறைவாகக் கொடுத்து வையுங்கள். கவர் ஒட்டிய சுவர் அதற்குள் காயவில்லை என்றால் ஹாலின் மற்ற மூன்று சுவர்களை அடிக்கச் சொல்லிவிட்டு, அந்த ஒன்றைத் தை பிறந்த பிறகு அடியுங்கள். வேலை முடிந்த பிறகு பழைய அறையில் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், ஒரு கை நுழைகிற அளவு தள்ளியே இருக்கட்டும்.