கணினியில் எழுதினால் புள்ளி குறையுமா?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: உயர்தரம் முடித்த மகள் வெளிநாட்டுக் கல்லூரிக்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையைக் கணினியில் எழுதவிருக்கிறாள்; தட்டச்சுப் பழக்கமில்லாததால் புள்ளி குறையுமா? "உள்ளே ஆள் இருக்கிறது, ஏழு புள்ளி எடுத்துத் தருகிறேன்" என்னும் முகவரை நம்பலாமா?

கணினி என்பதற்காகப் புள்ளி குறையாது. வினாக்களும் மதிப்பீடும் தாளில் எழுதுவோருக்கு உள்ளவையே. பேச்சுப் பரீட்சையையும் ஒரு மனிதரே நடத்துவார். ஆனால் கேட்டல் பகுதியில், தாளில் எழுதுவோருக்கு விடைகளைப் பெயர்த்தெழுதக் கிடைக்கும் 10 நிமிடங்கள் இங்கே இல்லை. சரிபார்க்க 2 நிமிடங்களே உண்டு. எழுத்துப் பகுதியில் 60 நிமிடங்களுக்குள் குறைந்தது 150 சொற்களும் 250 சொற்களுமாக இரண்டு விடைகள் எழுத வேண்டும். திரை சொற்களை எண்ணிக் காட்டுமேயன்றி எழுத்துப்பிழையைத் திருத்தாது. ஆகவே பிழைதிருத்தியை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் (கைப்பேசியில் அல்ல) தினமும் ஒரு மணிநேரம் எழுதிப் பழகட்டும்.

முகவரை நம்ப வேண்டாம். பெறுபேற்றைக் கல்லூரி பரீட்சை நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்க்கும்; இடையில் அவர் நுழைய வழியே இல்லை. நன்றாக எழுதிய பிள்ளையிடம் "நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்று காசு வாங்குவதும், நன்றாக எழுதாத பிள்ளையிடம் அடுத்த தவணைக் கட்டணம் கேட்பதுமே காலி வீதியில் நான் பல வருடங்களாகக் கண்டுவரும் வியாபாரம். பதிவின்போது அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பெறுபேறும் கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போய்விடும். கடவுச்சீட்டையும் அவரிடம் விட்டுவைக்காதீர்கள். பரீட்சை மண்டபத்தில் மூலப்பிரதியையே கேட்பார்கள்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதியதோடு பரீட்சை முடிந்துவிடாத இடமும் உண்டு. சில அமெரிக்கக் கல்லூரிகள், குறிப்பாகச் சமுதாயக் கல்லூரிகள், அனுமதி கொடுத்த பிறகும் அக்கியூபிளேசர் போன்ற கணினிப் பரீட்சையொன்றை வைத்து, எந்த ஆங்கில வகுப்பில் இருத்துவது என்று தீர்மானிக்கின்றன. அதில் சித்தியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் அசட்டையாக எழுதினால், கட்டணம் செலுத்தி மேலதிக ஆங்கிலப் பாடங்களில் ஒரு தவணையையேனும் கழிக்க நேரிடலாம். விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடினம் மாறுவதால், கடந்துவிட்ட வினாவுக்குத் திரும்ப முடியாது. அவசரப்படாமல் எழுத வேண்டும். இதைப் பற்றி இங்கே எந்த முகவரும் வாய் திறப்பதில்லை, தரகு கிடைக்காதல்லவா.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேற்றை இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கிறார்கள் (அதன்பின் ஆங்கிலம் ஆவியாகிவிடுமாம்!). எனவே கல்லூரி எந்தப் பரீட்சையை, எத்தனை புள்ளிகளுடன் ஏற்கிறது என்பதை அதன் இணையத்தளத்தில் மகளே வாசித்தறிந்த பிறகு, கட்டணத்தைப் பரீட்சை நிலையத்துக்கே செலுத்தித் திகதி எடுங்கள்.