189-ஆ, 491-ஆ, கம்பெனி ஸ்பான்சரா? ஆஸ்திரேலிய வேலை விசா: கேள்வி-பதில்

ஆஸ்திரேலியா போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த விசா நல்லது?" என்றுதான். 189, 190, 491 மூன்றும் வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுத் தரும் விசாக்கள். முதல் இரண்டும் நிரந்தரம், 491 தற்காலிகம். கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக விசா 482. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "உங்கள் தொழிலை அங்கே மதிப்பிடும் அமைப்பு எது, உங்கள் படிப்பிலும் அனுபவத்திலும் அவர்கள் எவ்வளவை ஒத்துக்கொள்வார்கள்?" என்று. அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். அது தெரியாமல் ஏஜென்டுக்குப் பணம் கட்டியவர்களின் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. கீழே சொல்லும் கட்டணங்கள் 2025 ஜூலை நிலவரம். வழக்கமாக ஒவ்வொரு ஜூலையிலும் ஏற்றுவார்கள்.

கேள்வி: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், 32 வயது, சாஃப்ட்வேர் டெவலப்பராக 6 ஆண்டு அனுபவம். ஐஈஎல்டிஎஸ்ஸில் எல்லாப் பிரிவிலும் 7. மனைவி பி.காம். படித்து அக்கவுன்ட்ஸ் வேலையில் இருக்கிறார், அவரும் ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டார். ஏஜென்ட் எனக்கு 85 புள்ளி என்கிறார். 189-க்குப் போட்டுவிடலாமா? (சோழிங்கநல்லூர்)

போடலாம், ஆனால் 85 என்று நம்பிப் போடாதீர்கள். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, உங்கள் ஆங்கிலத்துக்கு 10, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, இதெல்லாம் சரி. இடிப்பது அனுபவத்துக்குப் போட்ட 10. ஐடி தொழில்களை மதிப்பிடுவது ஏசிஎஸ். சம்பந்தப்பட்ட பட்டம் இருந்தாலும், "தகுதி பெற எடுத்துக்கொண்ட காலம்" என்று முதல் 2 ஆண்டுகளைப் பொதுவாகக் கழித்துவிடுவார்கள். உங்கள் 6 ஆண்டு 4 ஆகிவிடும். 3 முதல் 4 ஆண்டு வரையிலான வெளிநாட்டு அனுபவத்துக்கு 5 புள்ளிதான், 10 கிடைக்க 5 முழு ஆண்டு வேண்டும். மிச்சமிருக்கும் 15, மாநில நியமனத்தோடு வரும் 491 விசாவுக்கான போனஸ். அது 189 கணக்கில் சேராது.

ஆக 189-க்கு உங்கள் உண்மையான புள்ளி 65. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சத் தகுதி அது, அவ்வளவுதான். அரசிடமிருந்து "விண்ணப்பியுங்கள்" என்ற அழைப்பு வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும், ஐடி தொழில்களுக்கு அந்தப் புள்ளியில் அது வருவதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஏற்றுவதற்கு இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 8 வந்தால் 10 புள்ளி கூடும். பிடிஇ என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: "எல்லாவற்றிலும் 79" என்ற பழைய கணக்கை இன்னும் பல கோச்சிங் சென்டர்கள் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்கு அது மாறிவிட்டது. கேட்டலில் 69, வாசித்தலில் 70, எழுத்தில் 85, பேச்சில் 88 வேண்டும். பேச்சில் பயிற்சி போதாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

அடுத்து, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வு. தமிழுக்கும் உண்டு, 5 புள்ளி. ஆங்கிலம் பேசுபவருக்கும் தமிழ் பேசுபவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு உரையாடல்களை வாய்மொழியாகப் பெயர்க்க வேண்டும். மொத்தம் 90-க்கு 63, ஒவ்வொன்றிலும் 29-க்குக் குறையக் கூடாது. தாய்மொழிதானே என்று படிக்காமல் போய்விடாதீர்கள். வீட்டுக்கடன், காப்பீடு, அறுவை சிகிச்சை, வாடகை ஒப்பந்தம் என்று வரும்போது நமக்கு ஆங்கிலச் சொல்தான் முதலில் வாயில் வரும். மாதிரி உரையாடல்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

மனைவி தன் தொழிலுக்கும் மதிப்பீடு வாங்கிவிட்டால், அந்தத் தொழில் பட்டியலில் இருக்கும்பட்சத்தில், 5 என்பது 10 ஆகும். இவ்வளவும் செய்தால் 85, மாநிலம் நியமித்தால் 190-க்கு 90. ஏஜென்ட் சொன்ன அதே எண்தான், ஆனால் இது ஆவணத்தோடு நிற்கும் எண்.

ஒரே அவசரம் உங்கள் பிறந்தநாள். 33 ஆனதும் வயதுப் புள்ளி 30-லிருந்து 25 ஆகிவிடும். கணக்கில் எடுப்பது அழைப்பு வரும் நாளில் இருக்கும் வயதை, ஈஓஐ என்ற விருப்ப மனுவைப் போட்ட நாளின் வயதை அல்ல. ஆங்கிலத்தை இப்போதே முடித்துவிடுங்கள்.

மெக்கானிக்கல், சிவில் படித்துவிட்டு ஐடிக்கு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஏசிஎஸ்ஸின் ஆர்பிஎல் வழிதான், அதாவது பட்டத்துக்குப் பதில் அனுபவத்தை வைத்து மதிப்பிடும் வழி. அதில் 6 ஆண்டுக்குக் குறையாமல் கழியும். 8 ஆண்டு அனுபவத்துக்கு 15 புள்ளி என்று யாராவது எழுதித் தந்தால் அந்தத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: சிவில் இன்ஜினீயர், 42 வயது, 17 ஆண்டு அனுபவம், இரண்டு குழந்தைகள். சிட்னி கம்பெனி ஒன்று 482 விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிறது. நண்பர்கள் "அது தற்காலிக விசா, 491-க்குப் போ" என்கிறார்கள். (கோயம்புத்தூர்)

இரண்டுமே தற்காலிக விசாதான். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது 45 வயது என்ற எல்லையை.

482 இப்போது "ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்" என்ற பெயரில் இருக்கிறது, 2024 டிசம்பர் 7-இல் மாற்றினார்கள். அதில் 2 ஆண்டு வேலை செய்த பிறகு, கம்பெனி நியமித்தால் 186 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். ஆனால் 186-க்கு விண்ணப்பிக்கும் நாளில் 45 ஆகியிருக்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நம்பிக் குடும்பத்தைக் கிளப்ப முடியாது. நீங்கள் இப்போது கிளம்பினால் 44-இல் 2 ஆண்டு முடியும். கம்பெனி "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒரே ஒரு முறை தள்ளினால் போதும், அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

491-இல் கதை வேறு. அழைப்பு வரும்போது 45-க்குள் இருந்தால் போதும். 3 ஆண்டு ரீஜனல் பகுதியில் (மூன்று பெருநகரங்களுக்கு வெளியே) வாழ்ந்து, அந்த ஆண்டுகளுக்கான வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்புகளோடு 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வயது வரம்பு கிடையாது. 47-இல் கூட விண்ணப்பிக்கலாம். 40-ஐத் தாண்டியவர்களுக்கு 491-இல் உள்ள பெரிய பலம் இதுதான்.

உங்கள் புள்ளி: வயதுக்கு 15, பட்டத்துக்கு 15, 8 ஆண்டுக்கு மேல் அனுபவம் என்பதால் 15, நியமனத்துக்கு 15. ஆங்கிலமும் மனைவியும் தருவது அதற்கு மேல். மதிப்பிடுவது இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா. உங்கள் பட்டம், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் கீழ் வராவிட்டால் சிடிஆர் என்ற திறன் அறிக்கை எழுத வேண்டும். அதில் நீங்கள் செய்த மூன்று வேலைகளை உங்கள் சொந்த வார்த்தையில் விவரிக்க வேண்டும். "ரெடிமேட் சிடிஆர்" விற்கிறார்கள், தொடாதீர்கள். நகல் என்று பிடிபட்டால் மறுபடி விண்ணப்பிக்கவே தடை போடுவார்கள்.

என் யோசனை: கம்பெனி வேலையை மறுக்க வேண்டாம். ஆனால் 186-க்கு எப்போது நியமிப்பார்கள் என்பதை வேலை ஒப்பந்தத்திலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா மதிப்பீட்டை முடித்து, 491-க்கு ஈஓஐ போட்டு வையுங்கள். 482-இல் இருப்பவர் 491-க்கு விண்ணப்பிக்கத் தடை இல்லை. கிடைத்தால் சிட்னியை விட்டு நகர வேண்டியிருக்கும், அதை மனைவியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

பணக் கணக்கும் பாருங்கள். 482-இல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, குடும்பத்துக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் கேட்கலாம். 491-க்கு மெடிகேர் உண்டு. அதன் விண்ணப்பக் கட்டணம் உங்களுக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர், மனைவிக்கு 2,455, குழந்தைக்கு 1,230 வீதம், மொத்தம் 9,825. மனைவிக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதை நிரூபிக்காவிட்டால் இன்னொரு பெரிய தொகை சேரும்.

கேள்வி: 491 என்றால் கிராமத்தில் போய் உட்கார வேண்டுமா? (திருச்சி)

இல்லை. இந்த விசாவைப் பொறுத்தவரை சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர மற்றதெல்லாம் ரீஜனல்தான். பெர்த், அடிலெய்டு, கான்பெரா, கோல்ட் கோஸ்ட், ஹோபார்ட் எல்லாம் அதில் அடக்கம். ஊரைவிட, உங்கள் துறையில் அங்கே வேலை இருக்கிறதா என்றுதான் கவலைப்பட வேண்டும். சீக் என்ற வேலை தேடும் இணையதளத்தில் உங்கள் பதவியின் பெயரையும் அந்த நகரத்தையும் போட்டு நாலு வாரம் தொடர்ந்து பாருங்கள். அப்புறம், 491-இல் 3 ஆண்டு முடியும்வரை 189, 190, 186 எதற்கும் தாவ முடியாது. வாழ்வதும் வேலை செய்வதும் படிப்பதும் ரீஜனலில்தான் என்பது விசாவின் நிபந்தனை.

கேள்வி: 8 லட்சம் கட்டினால் ஸ்பான்சர் கம்பெனி பிடித்துத் தருகிறோம் என்கிறது ஒரு கன்சல்டன்சி. கட்டலாமா? (மதுரை)

கட்டாதீர்கள். ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் ஆஸ்திரேலியச் சட்டத்துக்கு விரோதம். கம்பெனி கட்ட வேண்டிய பயிற்சி நிதி வரியைக் கூட ஊழியர் தலையில் போடக் கூடாது. விசா கட்டணமும் ஏஜென்டின் ஆலோசனைக் கட்டணமும் வேறு, வேலைக்கு விலை பேசுவது வேறு. ஆலோசகர் வேண்டுமென்றால், விசா ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பான ஓமாராவின் பதிவேட்டில் அவருடைய 7 இலக்க எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் மட்டும்தான் தருகிறது, என்ன வேலை செய்தேன் என்று எழுதித் தர மறுக்கிறது. ஏஜென்ட் "லெட்டர்ஹெட் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார். (அம்பத்தூர்)

தயவுசெய்து வேண்டாம். பொய் ஆவணம் என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு 3 ஆண்டு விசா தடை, மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஏஜென்ட் கொடுத்தது எனக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடாது.

நேர்வழி இருக்கிறது. உங்கள் மேலாளராக இருந்தவரோ உடன் வேலை பார்த்தவரோ முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கித் தரலாம். ஏசிஎஸ் உட்படப் பல அமைப்புகள் இதை ஏற்கின்றன. பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா என்பது, அன்றாடம் செய்த வேலைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு. பிஎஃப் பாஸ்புக்கில் கம்பெனி பெயரும் மாதங்களும் வரிசையாக இருப்பதால் அது நல்ல சாட்சி.

கேள்வி: பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேமில். பிரச்சினை வருமா? (வேலூர்)

நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பயப்பட வேண்டாம், ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லா வடிவமும் ஒரே ஆளுடையதே என்ற நோட்டரி பத்திரம் ஒன்று, விசா படிவத்தில் "வேறு பெயர்கள்" கேட்குமிடத்தில் ஒவ்வொரு வடிவமும், அவ்வளவுதான். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங், 5 ஆண்டு அனுபவம். சிங்கப்பூரில் இருக்கும் என் தோழிக்குத் தேர்வே இல்லாமல் ஆஸ்திரேலியப் பதிவு கிடைக்கிறது. எனக்கு மட்டும் ஏன் தேர்வு? (நாகர்கோவில்)

2025 ஏப்ரலில் வந்த மாற்றம் அது. சிங்கப்பூர், பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா போன்ற சில இடங்களில் பதிவு பெற்று, 2017-க்குப் பிறகு 1,800 மணி நேரம் வேலை செய்த நர்ஸ்களுக்கு விரைவு வழி திறந்தார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்கள் என்கிளெக்ஸ் என்ற நர்சிங் தேர்வை எழுதித் தேறி, பிறகு ஆஸ்திரேலியாவில் நேரில் நடக்கும் ஓஸ்கி செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டும். என்கிளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம்.

செலவு வலிக்கும், உண்மை. ஆனால் பதிவு கையில் வந்துவிட்டால் ஐடிக்காரர்களைவிடக் குறைந்த புள்ளியிலேயே நர்ஸ்களுக்கு அழைப்பு வருகிறது. விசாவுக்கான திறன் மதிப்பீடு அன்மாக் என்ற வேறோர் அமைப்பில், அதைப் பதிவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 46 வயது. எனக்குக் கதவு மூடிவிட்டதா? (சேலம்)

ஆஸ்திரேலியாவின் புள்ளி விசாக்கள் மூடிவிட்டன. கனடாவின் புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உச்ச வயது இல்லை, ஆனால் 45-இலிருந்து வயதுக்குப் பூஜ்யம். வேலை உத்தரவுக்குக் கிடைத்த புள்ளிகளையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் வேலை கிடைத்து, படித்தவர்களுக்கான ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியை வாங்கினால், பி1 அளவு ஜெர்மன் மொழியோடு 21 மாதத்தில் நிரந்தர உரிமை கேட்கலாம். உங்கள் இடத்தில் இருந்தால் நான் மொழி வகுப்பில்தான் சேருவேன்.

கேள்வி: நான் ஒரே மகன். அம்மா அப்பாவையும் என் 189 விசாவிலேயே சேர்க்கலாமா? (தஞ்சாவூர்)

முடியாது. துணையும் பிள்ளைகளும் மட்டும்தான். அவர்கள் பார்வையாளர் விசாவில் வரலாம், சில சமயம் 12 மாதம் வரை தருவார்கள். நீங்கள் அங்கே நிலைத்த பிறகு, பெற்றோருக்கான தற்காலிக விசாவான 870-இல் 3 அல்லது 5 ஆண்டுக்கு அழைக்கலாம், எல்லாம் சேர்த்து உச்சம் 10 ஆண்டு. மெடிகேர் கிடையாது, கட்டணமும் அதிகம். நிரந்தரப் பெற்றோர் விசாவுக்குப் பொதுவாகப் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிலையாக இருக்க வேண்டும். ஒரே மகன் என்பதால் நீங்கள் அதில் தேறிவிடுவீர்கள். ஆனால் வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. அப்பாவுக்கு இப்போது 62 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையை வைத்து எந்தத் திட்டமும் போடாதீர்கள். அவர்கள் தஞ்சாவூரிலேயே இருப்பார்கள், நீங்கள் ஆண்டுக்கு ஒரு முறை வருவீர்கள், மருத்துவச் செலவுக்கு இங்கே ஒரு நல்ல காப்பீடு, அவசரத்துக்கு ஓடிவர அருகில் ஒரு உறவினர் என்ற கணக்கில் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, அதன் பிறகு ஈஓஐ போடுங்கள்.