பிக்கப்பில் கனமான ட்ரெய்லர்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: என் பிக்கப் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. 3,200 கிலோ ட்ரெய்லர் வாங்கலாம் என்றிருக்கிறேன். 300 கிலோ மிச்சம் இருக்கிறதே, போதாதா சார்?

பதில்: அந்த 3,500-ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி எத்தனை கிலோ சுமக்கலாம் என்று அதில் பாருங்கள். 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்லரின் முன்முனை, அதாவது மூக்கு, ஹிட்ச் (பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்துகிற பாரமும் அந்த 700-க்குள்தான் வரவேண்டும். ஹிட்சில் இருக்கும் இரும்புப் பந்தில் மாட்டும் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 3,200 கிலோவுக்கு 12 சதவீதம் என்றாலே 384 கிலோ. நான்கு பேர் ஏறினால் 300, கருவிப் பெட்டி 100. கூட்டினால் 784. இழுவைத் திறனில் இடம் இருந்தும் சுமைத் திறன் தீர்ந்துபோயிற்று. பெரும்பாலான பிக்கப்களில் முதலில் முட்டுவது இந்தக் கணக்குதான். ஹிட்சின் மீது பொறித்திருக்கும் எடையையும் பாருங்கள். எல்லாவற்றிலும் எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை.

கேள்வி: மூக்கு பாரத்தை எப்படி அளப்பது? கையால் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. எடைமேடைக்குப் போங்கள். முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை போடுங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க, ட்ரெய்லர் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்தி மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கு பாரம். இரண்டு தடவையும் வண்டியில் அதே ஆட்கள், அதே சாமான் இருக்கவேண்டும்.

கேள்வி: அண்ணா, 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினாலே ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடுகிறது. நல்ல டயர், புது ஹிட்ச். என்ன கோளாறு?

பதில்: தம்பி, உங்கள் ட்ரெய்லரில் பின்பாரம் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். எடையில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் விழவேண்டும். பின்னால் கனம் கூடினால் மூக்கு பாரம் குறையும். அப்போது ஒரு காற்று, பக்கத்தில் கடந்து போகும் ஒரு லாரி போதும், ஆட்டம் ஆரம்பித்துவிடும். வேகம் கூடக் கூட அது தானே அடங்காமல் வளரும்.

இது எனக்கே நடந்தது. சின்ன மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை, இறக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று திருப்பி ஏற்றிவிட்டேன். கனமான இன்ஜின் பக்கம் வால் பக்கத்தில். இறக்கத்தில் மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் பின்பக்கத்தையே அது இழுக்க ஆரம்பித்தது. அன்று சாலை காலியாக இருந்ததால் தப்பித்தேன்.

ஆட ஆரம்பித்தால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். முன்வண்டி மெதுவாகி, பின்னால் வருவது தள்ளும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்யவும் முயலாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், பிரேக் கன்ட்ரோலரில் (ட்ரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் கருவி) இருக்கும் கைநெம்பைத் தள்ளி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் கயிறு விறைத்த மாதிரி அது நேராகும். அடங்கியதும் ஓரம் கட்டி, பாரத்தை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தம்பி.

கேள்வி: அந்தக் கன்ட்ரோலரில் எவ்வளவு வைக்கவேண்டும்?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. காய்ந்த சமதளச் சாலையில், வண்டி இல்லாத இடத்தில், 40 கிலோமீட்டர் வேகத்தில் கைநெம்பை முழுதாகத் தள்ளுங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் குறையுங்கள், பிடிப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முந்தைய நிலையே சரி. பாரம் மாறினால் இதையும் மாற்றவேண்டும்.

கேள்வி: மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்குகிறது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் போடும் காற்றுப்பை (ஏர்பேக்) போட்டால் தீருமா?

பதில்: பின்பக்கம் உயரும், ஆனால் முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்ட எடை திரும்பி வராது. ஸ்டியரிங்கும் முன்பிரேக்கும் நம்பியிருப்பது அந்த எடையைத்தான். அதைத் திருப்பித் தருவது எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச். ஸ்பிரிங் கம்பிகள் மூலம் பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளும். இரண்டில் எதைப் போட்டாலும் ஸ்டிக்கரில் உள்ள எல்லை ஒரு கிலோகூட உயராது.

கேள்வி: பந்து சரியாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருமுறை குலுக்கத்தில் கழன்றே விட்டது.

பதில்: பந்தைக் கவ்விப் பூட்டும் ட்ரெய்லர் மூக்குப் பகுதிதான் கப்ளர். 2 5/16 அங்குலக் கப்ளரில் 2 அங்குலப் பந்து உட்கார்ந்த மாதிரியே தெரியும், பூட்டும் விழும். முதல் பள்ளத்தில் எகிறிவிடும். அளவு பந்தின் தலையிலும் கப்ளரிலும் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். பூட்டிய பின் ஜாக்கியால் ட்ரெய்லர் மூக்கை உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது. ட்ரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் பாதுகாப்புச் செயின்களை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். ட்ரெய்லர் பிரிந்தால் தானே பிரேக் போடும் கேபிளை செயினில் மாட்டாதீர்கள், பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள்.

கேள்வி: மலை இறங்கும்போது பிரேக் வாடை வருகிறது, பெடலும் மெத்தென்று போகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். மெத்தென்று போனால் பிரேக் ஆயில் கொதிநிலையை நெருங்கியிருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த முறை இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். இழுவை மோட் இருந்தால் போடுங்கள், வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் சூடேற்றுகிறது. அழுத்தமாக மிதித்து, வேகம் 10 கிலோமீட்டர் குறைந்ததும் விட்டுவிடுங்கள், ஆறட்டும். வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே மெதுவாகவே இறங்கத் தொடங்குங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கவே வரமாட்டேன் என்கிறது.

பதில்: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். கை போகும் பக்கம் ட்ரெய்லரின் வால் போகும். மடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி.

கேள்வி: ட்ரெய்லர் டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தும் வெடித்துவிட்டது. ஏன்?

பதில்: ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். பக்கவாட்டில் 4 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். காற்று குறைந்தால் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். அதனால் புறப்படும் முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பாருங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் பியரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ இருக்கும். அங்கேயே பாருங்கள்.