கடைசலில் (லேத்தில்) மரத்தால் செய்யும் குட்டி அலங்காரப் பறவைக்கூட்டில் வாசல் துளையின் ஓரம் பிய்ந்துபோவது ஏன்?

பெரும்பாலும் வேலையின் வரிசைதான் காரணம். முதலில் உள்ளே குடைந்துவிட்டு, பிறகு வாசலைத் துளைத்தால் 5 மி.மீ. சுவருக்குப் பின்னால் தாங்கல் இருக்காது. துளையிடும் பிட் வெளியேறும்போது நாரை உடைத்துக்கொண்டு போகும்.

40 மி.மீ. சதுரக் கட்டையை உருளையாகக் கடைந்து, வெளிவடிவத்தை 35 மி.மீ. விட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்புத்தாளை 240 என்ற நுண்மை எண் வரை இப்போதே போட்டுவிடுங்கள். துளைத்த பின் லேத் ஓட ஓடத் தேய்த்தால் வாசலின் ஓரம் மழுங்கி, வட்டம் முட்டையாகிவிடும். அடுத்து லேத் சுழலாமல் பூட்டி, ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள். வளைந்த பரப்பில் அது இல்லாவிட்டால் பிட் வழுக்கும். நடுவில் கூர்முனை உள்ள 9 மி.மீ. பிட்டால் 8 மி.மீ. ஆழம் போதும். பறவை உட்காரும் குச்சிக்கு, 6 மி.மீ. கீழே 2 மி.மீ. துளை. அந்தக் குச்சியைக் கடைந்து அவதிப்பட வேண்டாம்; பல்குச்சி போதும்.

கடைசியாக 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள அகலத் துளை போடும் பிட்) உள்ளே குடையுங்கள். வாசலின் உட்புறம் கொஞ்சம் பிசிறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

கூரையை வேறு நிற மரத்தில் கடைவது அழகு. அதன் அடிப்பக்கத்தை நடுநோக்கி லேசாகக் குழித்துவிடுங்கள். தட்டையாக விட்டால் மூட்டில் இடைவெளி பல்லிளிக்கும். ஈர மரம் மட்டும் வேண்டாம், காய்ந்ததும் மூட்டு ஆடும்.