கட்டி முடித்த கடன் பாக்கி என்கிறது சிபில், வாங்காத கடனும் என் பெயரில்: என்ன செய்வது?

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வீடு வாங்க 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வீட்டுக் கடனுக்குப் போன வங்கியில், சிபில் ஸ்கோர் (வாங்கிய கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண்) 641தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2021-ல் முழுதாகக் கட்டி முடித்த ஃபிரிட்ஜ் இஎம்ஐ கடனில் 2,360 ரூபாய் பாக்கி என்று சிபில் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் வாங்கவே வாங்காத ஒரு டூவீலர் கடனும் என் பெயரில் இருக்கிறது. 15,000 ரூபாய் கொடுத்தால் பத்து நாளில் ஸ்கோரை ஏற்றித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இருப்பது உண்மை என்றால் அதை எந்த ஏஜென்ட்டாலும் அழிக்க முடியாது. தவறு என்றால் நீங்களே ஒரு பைசா செலவில்லாமல் திருத்திக்கொள்ளலாம். அவர் செய்யப்போவதும் அதே இலவசப் புகாரைத்தான். அதற்காக உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் முழு ரிப்போர்ட்டையும் நீங்களே எடுங்கள். வங்கி மேலாளர் திரையில் பார்த்துச் சொன்னது போதாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று நம் நாட்டில் நான்கு நிறுவனங்கள் கடன் விவரம் வைத்திருக்கின்றன. நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அவரவர் இணையதளத்திலேயே எடுக்கலாம். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. கடன் கேட்டு வங்கி வங்கியாக விண்ணப்பித்தால்தான் குறையும். அதனால் இந்தத் தவறு சரியாகும்வரை இன்னொரு வங்கியில் விண்ணப்பம் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அலைச்சல் பாதி குறையும். சிபில் தானாக எதையும் எழுதுவதில்லை. கடன் கொடுத்தவர் அனுப்பும் கணக்கைத்தான் அது காட்டுகிறது. அவர் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. எனவே சிபிலில் புகார் போடும் அன்றே, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சி ஆகாது.

இப்போது ஃபிரிட்ஜ் கடன். என்ஓசி, அதாவது பாக்கி ஏதும் இல்லை என்று கடன் கொடுத்த நிறுவனம் தரும் கடிதம், கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கடைசி தவணை போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் போதும். கூடவே, அந்த நிறுவனத்திடம் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டையும் கேளுங்கள். இப்படிச் சில ஆயிரம் ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு மாதம் தவணை திரும்பிப் போனதற்கான கட்டணமும் அதன் மேல் ஏறிய அபராதமுமாக இருக்கும். எனக்கே இது நடந்திருக்கிறது. மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்த கிரெடிட் கார்டில் ஆண்டுக் கட்டணம் போட்டு, அதைப் பாக்கி என்று காட்டியிருந்தார்கள். மகளின் கல்விக் கடனுக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று நான் கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்தேன். அதனால்தான் தப்பித்தேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். "ஆயிரம் ரூபாய் கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சிடலாம்" என்று கால் சென்டரில் சொல்வார்கள். சம்மதித்தால், கடன் "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். முழுதாகக் கட்டாமல் சமரசம் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம். அடுத்த பல வருடங்களுக்கு எந்த வங்கியும் அதைப் பார்த்து முகம் சுளிக்கும். பாக்கி உங்கள் பக்கம் இல்லையென்றால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். உண்மையிலேயே பாக்கி இருந்தால், தள்ளுபடி கேட்டு எழுதிப் பாருங்கள். மறுத்தால் முழுத் தொகையையும் கட்டி, என்ஓசி வாங்கி, "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் டூவீலர் கடன். இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெயர்க் குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஓர் இடத்தில் "கே. செல்வி", இன்னோர் இடத்தில் "செல்வி கந்தசாமி", மூன்றாவது இடத்தில் "செல்வி கே" என்று பதிவாகும். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிற வேறொருவரின் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து ஒட்டிக்கொள்ள இதுவே போதும். ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் முகவரி, தொலைபேசி எண், பான் எண் எல்லாம் இருக்கும். நீங்கள் குடியிருக்காத ஊரின் முகவரி அங்கே இருந்தால், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான். அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல என்று புகார் போடுங்கள். தவறான முகவரியையும் எண்ணையும் நீக்கச் சொல்லிச் சேர்த்தே கேளுங்கள்.

மற்றது, உங்கள் ஆவணங்களை வைத்து யாரோ மோசடியாகக் கடன் வாங்கியிருப்பது. பான் எண்ணும் முகவரியும் உங்களுடையதாகவே இருந்தால், இந்தச் சந்தேகம் பலப்படும். கடன் விண்ணப்பம், அதில் ஒட்டிய புகைப்படம், கையெழுத்து, வண்டியின் பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதன் நகலை எல்லாக் கடிதங்களோடும் இணையுங்கள். தொல்லை விட்டால் போதும் என்று அந்தக் கடனில் ஒரு தவணை கட்டிவிடாதீர்கள். உங்கள் கடன்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

புகார் போட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். அதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள், மிச்சம் சிபிலுக்கு. தாண்டினால், தாமதத்துக்குக் காரணமானவர் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால் யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். புகாரை நிராகரித்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பதிலே வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே முறையிடலாம். கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448-ல் கேளுங்கள்.

திருத்தம் வந்ததும் நான்கு ரிப்போர்ட்டுகளையும் மறுபடி பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனம் நான்குக்கும் விவரம் அனுப்ப வேண்டும், ஆனால் ஒன்றில் மட்டும் மாறி மற்றதில் பழையபடியே கிடப்பதும் உண்டு.

கடைசியாக உங்கள் கிரயம். மூன்று மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம், ஆனால் அதை நம்பி 2 லட்சத்தைப் பணயம் வைக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் நிலைமையைச் சொல்லி, ஒப்பந்தக் காலத்தை இரண்டு மாதமாவது நீட்டித்து எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. புகார் எண்ணையும் என்ஓசி நகலையும் அதே வங்கி மேலாளரிடம் கொடுத்து வையுங்கள். திருத்தம் வந்த அன்று அவரிடமே திரும்பப் போகலாம்.