எறிதல், பிடித்தல், குதித்தல்: பள்ளி உடற்கல்வி கேள்வி பதில்

கேள்வி: ஆறாம் வகுப்புப் பையன் எவ்வளவு முயன்றாலும் பந்து தூரமாகப் போவதில்லை. கையில் பலம் போதாதோ, சார்?

பதில்: கையை விடுங்கள், காலைப் பாருங்கள். வலது கையால் எறிகிறவன் வலது காலையே முன்னால் வைத்திருப்பான். இடுப்பு திரும்பாது. முழங்கையிலிருந்து மட்டும் பந்தைத் தள்ளுவான். அப்படி நின்றால் யார் எறிந்தாலும் தூரம் போகாது.

அவனைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். இடது தோள் சுவரைப் பார்க்கட்டும். முன்னால் சாக்பீஸால் ஒரு பாதம் வரையுங்கள். எறியும்போது இடது கால் அதை மிதிக்க வேண்டும். கால் ஊன்றும்போது பந்து இன்னும் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்புறம் இடுப்பு திரும்பும், தோள் தொடரும், முழங்கை முந்தும், மணிக்கட்டு கடைசியில் சொடுக்கும். இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். "பாதத்தை மிதி" என்பது மட்டும் போதும். சின்ன இலக்கும் இப்போதைக்கு வேண்டாம். குறி தவறிவிடுமோ என்று பிள்ளை உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் சுவரில் படீரென்று சத்தம் வர எறியட்டும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஒரு வாரம் அந்தப் பாதத்தைத் தேடித் தேடி மிதித்தாள். ஒருநாள் மழை அதை அழித்துவிட்டிருந்தது. அவள் கால் தானாக அதே இடத்தில் போய் ஊன்றியது. சுவரில் கேட்ட சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

கேள்வி: பந்து வரும்போது என் மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பதில்: பயம். பலூனில் தொடங்குங்கள், பிறகு மெத்தென்ற பந்து. தானே மேலே போட்டுத் தானே பிடிக்கட்டும். பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல்கள் மேல்நோக்கி, இடுப்புக்குக் கீழே வந்தால் கீழ்நோக்கி. பந்து தொட்டதும் கை கொஞ்சம் பின்வாங்க வேண்டும். கடினப் பந்துக்கு அவசரமே இல்லை.

கேள்வி: ஸ்கிப்பிங் கயிறு எவ்வளவு நீளம்?

பதில்: நடுவில் மிதித்து நின்று இழுத்தால் கைப்பிடி அக்குள்வரை வர வேண்டும்.

கேள்வி: நாற்பது பிள்ளைகள், இரண்டே பந்து. வரிசையில் நிறுத்துவதைத் தவிர வழி இல்லையே?

பதில்: கணக்குப் போடுங்கள், டீச்சர். வரிசைக்கு இருபது பேர், ஒரு முறைக்கு 15 விநாடி. ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடம். நாற்பது நிமிட பீரியடில் ஒரு பிள்ளைக்கு எட்டு முறை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதுதான். பழைய காகிதத்தைக் கசக்கி டேப் சுற்றி இருபது பந்து செய்யுங்கள், இருவர் இருவராகப் பிரியுங்கள். பத்து விநாடிக்கு ஒரு எறி என்றாலும் இருபது நிமிடத்தில் ஆளுக்கு அறுபது எறி, அறுபது பிடி.

கேள்வி: பந்து பட்டவர் வெளியே உட்காரும் விளையாட்டு நல்லதுதானே?

பதில்: இல்லை. முதலில் வெளியேறுவது சரியாக விலகத் தெரியாத பிள்ளை. பயிற்சி தேவைப்படுவதும் அதற்குத்தான். அதைப் போய் உட்கார வைக்கிறோம்.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை, ஐயா. தோல்வியைத் தாங்கப் பழக வேண்டாமா? நாங்களும் உட்கார்ந்துதான் வளர்ந்தோம்.

பதில்: தோல்வி இருக்கட்டும். பட்டால் அணிக்கு ஒரு புள்ளி போகட்டும், பிள்ளை உடனே உள்ளே வரட்டும். அடுத்த பந்து வரும்போது விலகிப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். உட்கார்ந்த பிள்ளை கற்றுக்கொள்வது "எனக்கு விளையாட்டு வராது" என்பதை மட்டும்தான்.

கேள்வி: அப்படியானால் அவுட் ஆனவர் பத்துத் தண்டால் எடுத்துவிட்டு வரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உடற்பயிற்சியைத் தண்டனை ஆக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க விரும்ப வேண்டியதை வெறுக்கக் கற்றுக்கொடுப்பது அது.

கேள்வி: பெண்பிள்ளைகளுக்கு எறிய வராது என்கிறார்களே?

பதில்: நன்றாக எறியும் ஒரு பையனைப் பழகாத கையால் எறியச் சொல்லுங்கள். அதே கால், அதே திரும்பாத இடுப்பு, அதே தள்ளல். பழக்கம்தான் வித்தியாசம். மற்றது முதல் பதிலில்.

கேள்வி: மகன் பந்தைத் தூரமாக எறிய என்ன பயிற்சி?

பதில்: முதல் பதில்.

கேள்வி: குதித்தால் முழங்காலுக்குக் கீழே வலி, எலும்பு புடைத்திருக்கிறது.

பதில்: வளரும் வயதில் வருவதுண்டு. மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை குதிக்க வைக்காதீர்கள்.

கேள்வி: தாமதமாக வருபவர்களை மைதானத்தை இரண்டு ரவுண்டு ஓட விடலாமா?

பதில்: தண்டாலுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆட வேண்டும்?

பதில்: 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் ஆட்டம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது இது. குதிப்பதும் ஏறுவதும் இதில் சேரும். குதித்தால் இரண்டு காலிலும் சேர்ந்து இறங்கட்டும், முழங்கால் மடங்கட்டும், உள்பக்கம் சாயாமல் கால்விரல் பக்கமே பார்க்கட்டும்.